சும்மா இருக்கும் வைத்தியம்

டார்லின் டீச்சருக்கு உட்காரத் தெரியாது என்று பெருமாள்புரத்தில் எல்லோரும் சொல்வார்கள். கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறவளை ஏன் டீச்சர் என்கிறார்கள் என்று கேட்கக் கூடாது. பாளையங்கோட்டையில் பாடம் சொல்லிக்கொடுக்கிற பெண் யாராக இருந்தாலும் டீச்சர்தான். நின்றுகொண்டே காப்பி குடிப்பாள், நடந்துகொண்டே போன் பேசுவாள். பால் பொங்குகிற வரை அடுப்படியில் நிற்கப் பொறுமை இல்லாமல் துணி மடிக்கப் போய்விடுவாள். அந்த வீட்டில் பால் பொங்கி வழியாத நாள் குறைவு.

ஆனால் ஒரே ஒரு வேலைக்கு மட்டும் அவள் மணிக்கணக்காக உட்காருவாள். ஒரு மருந்து நோய்க்குக் கேட்குமா கேட்காதா என்று ஒரு ஊரில் நாற்பது பேருக்குக் கொடுத்துப் பார்த்திருப்பார்கள். இன்னொரு நாட்டில் நானூறு பேருக்கு. ஒருவர் கேட்கும் என்பார், இன்னொருவர் கேட்காது என்பார். இப்படி உலகம் முழுக்கச் சிதறிக் கிடக்கும் ஆராய்ச்சிகளை ஒன்றுவிடாமல் தேடிப் பிடித்து, ஒழுங்காகச் செய்தது எது, அரைகுறை எது என்று புடைத்துத் தள்ளி, மிஞ்சியதை எடைபோட்டு ஒன்றாகச் சேர்த்து, மொத்தத்தில் என்னதான் தெரிகிறது என்று சொல்லும் குழு ஒன்று உண்டு. டார்லின் அதில் பல வருஷமாக இருந்தாள். கூட்டாளி பத்மப்ரியா, ஜங்ஷன் பக்கம் கிளினிக் வைத்திருக்கும் டாக்டர். ஒவ்வொரு ஆராய்ச்சியையும் இருவரும் தனித்தனியாகப் படித்து, ஒருவர் தீர்ப்பு மற்றவருக்குத் தெரியாமல் முடிவு செய்ய வேண்டும். அதைவிட முக்கியமான விதி ஒன்று உண்டு. எதைக் கணக்கில் எடுக்கப் போகிறோம் என்பதை ஆராய்ச்சிகளைத் திறப்பதற்கு முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். திறந்து பார்த்த பிறகு, பிடித்த விடை வருகிற மாதிரி மாற்றக் கூடாது. ஒருமுறை வெளிநாட்டுக்காரர் ஒருவர் அப்படி மாற்றப் போக, டார்லின் அவரைக் கிழி கிழியென்று கிழித்துவிட்டாள். மனிதர் அதோடு குழுவை விட்டே போய்விட்டார்.

இதனால் சொந்தபந்தங்களுக்குக் கொஞ்சம் சங்கடந்தான். மூட்டுவலிக்கு எண்ணெய் வாங்கினவர்கள் டார்லின் கேட்டைத் திறக்கும் சத்தம் கேட்டதும் பாட்டிலைக் கட்டிலுக்கு அடியில் தள்ளுவார்கள். கண்ணில் பட்டுவிட்டால் விடமாட்டாள். "எத்தன பேருக்குக் குடுத்துப் பாத்தாங்களாம்? கேக்காதவங்க என்ன ஆனாங்களாம்? அவங்கள யாராவது விசாரிச்சாங்களா?" என்று போலீஸ் மாதிரி நிற்பாள். கேட்டவர்களுக்கு மூட்டுவலியோடு தலைவலியும் சேரும்.

அவள் கணவன் ஹெப்ரான் இதற்கு நேர் எதிர். கங்கைகொண்டானில் ஓர் ஆலையில் இயந்திரப் பராமரிப்பு மேற்பார்வையாளர். எதைச் சொன்னாலும் அவசரமே இல்லாமல் "பைய பாப்போம்" என்பார். காலையில் கம்பெனி பஸ் தெருமுனையில் ஹாரன் அடிக்கும்போதுதான் சட்டைப் பித்தானைப் போடுவார். இவ்வளவு நிதானமான மனிதரைக் கட்டிக்கொண்டு டார்லின் எப்படிக் காலம் தள்ளினாள் என்பது ஊருக்கு ஆச்சரியம். டார்லினைக் கட்டிக்கொண்டு அவர் எப்படித் தள்ளினார் என்று யாரும் கேட்டதில்லை.

ஆலையில் வருஷத்துக்கு ஒருமுறை எல்லோருக்கும் உடம்பைச் சோதிப்பார்கள். அந்த முறை ஹெப்ரானின் ரத்தத்தில் ஓர் அளவு கொஞ்சம் கூடுதலாக வந்தது. சதை எடுத்துப் பார்த்தார்கள். சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய்.

டாக்டர் வெங்கட்ரமணன் அவசரப்படாமல் சொன்னார். "ஆரம்ப நிலைதான். ரொம்ப மெதுவா வளர்ற வகை. ஆபரேஷன் பண்ணலாம், கதிர் வைக்கலாம். ஆனா இவருக்கு நான் சொல்றது, இப்போ ஒண்ணும் பண்ண வேண்டாம். சில மாசத்துக்கு ஒரு தடவை ரத்தம் பாப்போம். தேவைப்பட்டா திரும்பவும் சதை எடுத்துப் பாப்போம். வளர்றதுக்கு அடையாளம் தெரிஞ்சா அப்போ இறங்கலாம். நான் சொல்லியா உங்களுக்குத் தெரியணும், டீச்சர்?"

டார்லினுக்குத் தெரியும். நன்றாகவே தெரியும். இதே கேள்விக்கான ஆராய்ச்சிகளை அவள் படித்திருக்கிறாள். இந்த வகை நோயோடு வந்தவர்களில் ஆபரேஷன் செய்துகொண்டவர்களையும் கதிர் வைத்துக்கொண்டவர்களையும் கண்காணிப்பில் இருந்தவர்களையும் பதினைந்து வருஷம் பின்தொடர்ந்து பார்த்தும், இந்த நோயால் செத்தவர்கள் மூன்று பக்கமும் கொஞ்சப் பேர்தான். வித்தியாசம் சொல்லும்படி இல்லை. வேறு யாருடைய புருஷனாவது இருந்திருந்தால், "சும்மா இருங்க, அதுதான் வைத்தியம்" என்று முகத்துக்கு நேரே சொல்லி அனுப்பியிருப்பாள்.

"சரி டாக்டர், பைய பாப்போம்" என்றார் ஹெப்ரான். வெளியே வந்து வண்டியை எடுத்துக்கொண்டே, "பசிக்கி. எங்கனயாவது ரெண்டு இட்லி சாப்பிடுவமா?" என்றார்.

அன்றிலிருந்து டார்லினுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவர் பாத்ரூமுக்குப் போனால் கதவுக்கு வெளியே நிற்பாள். அவர் இடுப்பில் கை வைத்தால் என்ன செய்கிறது என்று ஓடி வருவாள். பாவி மனுஷன் உடம்புக்குள் ஒன்று உட்கார்ந்து வளர்ந்துகொண்டிருக்கிறது, இவர் என்னவென்றால் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கருவாடு இருக்கிறதா என்று கேட்கிறார். அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

"உள்ள ஒண்ணு இருக்குன்னு தெரிஞ்சும் உங்களுக்கு எப்படிங்க உறக்கம் வருது?"

"அது பாட்டுக்கு அது இருக்கட்டும். மெஷின் லேசா சத்தம் போட்டா உடனே பிரிச்சுப் போட்டுருவமா? சத்தம் கூடுதான்னு பாக்கணும்லா."

"நீங்க மெஷினா?" என்று கத்தினாள்.

ஹெப்ரான் தலையணையைத் திருப்பிப் போட்டுப் படுத்துக்கொண்டார். அவருக்குப் பயமே இல்லை என்று டார்லின் நினைத்துக்கொண்டாள்.

ஒரு சனிக்கிழமை அவள் அந்தப் பழைய ஆராய்ச்சிகளைத் திரும்ப எடுத்தாள். இந்தத் தடவை தேடியது விடையை அல்ல, சாக்கை. சாக்குக் கிடைத்தது. கண்காணிப்பில் இருந்தவர்களில் நோய் வேறு இடத்துக்குப் பரவியவர்கள் மற்றவர்களைவிட அதிகம். அது உண்மைதான். ஆனால் அப்படியும் செத்தவர்கள் அதிகமில்லை என்று அடுத்த பத்தியிலேயே இருந்தது. ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் பலருக்குச் சிறுநீர் கசிவதும் தாம்பத்தியம் கெடுவதும் வருஷக்கணக்கில் நீடித்தது என்று அதற்கும் அடுத்த பத்தியில் இருந்தது. டார்லின் முதல் பத்தியோடு கம்ப்யூட்டரை மூடினாள். வெளிநாட்டுக்காரரைக் கிழித்த அதே டார்லின்தான்.

இருந்தாலும் பழக்கம் விடுமா? பத்மப்ரியாவுக்குப் போன் போட்டாள். யாருக்கென்று சொல்லாமல், "அம்பத்தெட்டு வயசு. ஆரம்ப நிலை. அளவு கொஞ்சந்தான் கூட. நீ என்ன சொல்லுவ?" என்று கேட்டாள்.

"கண்காணிப்புதான். இதுல என்ன சந்தேகம் உனக்கு?"

"பரவுறது அதிகமா இருக்கே பத்மா."

"இருக்கு. அதோட மத்ததும் இருக்கே. நீ ஏன் ஒண்ணை மட்டும் பிடிச்சுண்டு பேசறே?" பத்மப்ரியாவின் குரல் மாறியது. "டார்லின், இது யாருக்கு?"

அடுப்பில் பால் பொங்குகிறது என்று டார்லின் போனை வைத்துவிட்டாள். அடுப்பு பற்றவைக்கவே இல்லை.

மாதத்தின் முதல் ஞாயிறு ஆலயத்தில் சாட்சி சொல்லும் நாள். சுகம் கிடைத்தவர்கள், பிள்ளைக்கு வேலை கிடைத்தவர்கள், விபத்தில் தப்பியவர்கள் எழுந்து, கர்த்தர் செய்த நன்மையைச் சபைக்கு முன்னால் சொல்லிக் காணிக்கைக் கவரைப் போடுவார்கள். டார்லின் விசுவாசி, அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் சாட்சி நேரத்தில் அவளுக்குள் இருக்கும் புள்ளியியல்காரி நெளிவாள். "சுகமாகாதவங்க எந்திச்சு நின்னு சொல்லுதாங்களா? இல்லல்லா? அப்பம் இத வச்சு ஒரு மருந்தயும் எடைபோடக் கூடாது" என்று வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் ஹெப்ரானிடம் பேசிக்கொண்டே வருவாள். அவர் ஸ்கூட்டர் சத்தத்தில் காதில் விழாத மாதிரி ஓட்டுவார்.

அந்த ஞாயிறு ஆண்கள் பக்கத்தில் அப்பாத்துரை எழுந்தார். அரசு அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர், சபையில் மூப்பர். வாட்டசாட்டமான ஆள். போன வருஷம் இதே சுரப்பியில் புற்றுநோய் கண்டதையும், மதுரையில் ஆபரேஷன் செய்ததையும், இப்போது பரிசோதனையில் நோயின் சுவடே இல்லை என்று வந்ததையும் கணீரென்று சொன்னார். "கத்தி பட்டுச்சு, வியாதி போச்சு. ஸ்தோத்திரம்!" சபை முழுக்க ஸ்தோத்திரம் சொன்னது. பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த டார்லின் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எத்தனையோ ஆயிரம் பேரின் கணக்கு ஒரு பக்கம் கிடக்க, வெள்ளைச் சட்டை போட்ட ஒற்றை ஆள் நெஞ்சுக்குள் புகுந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக, "ஆபரேஷன் பண்ணிருவோம்" என்றாள்.

ஹெப்ரான் அவளைப் பார்த்தார். கண்ணுக்குக் கீழே கறுத்துப் போயிருந்தது அவளுக்கு. காது ஓரமெல்லாம் நரை. புடவையை உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பிக் கட்டியிருந்தாள், அதைக்கூடக் கவனிக்கவில்லை.

"சரிட்டி, பண்ணிருவோம்" என்றார்.

அவர் இவ்வளவு சீக்கிரம் எதற்கும் சரி சொன்னதில்லை. டார்லினுக்கு அது உறைக்கவில்லை. அடுத்த நாளே வெங்கட்ரமணனிடம் போய் நின்றாள். அவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். கடைசியில் நோயாளியும் சம்மதம் என்று சொன்னதால் தேதி கொடுத்தார். தேதி கிடைத்தும் அவளுக்கு உறக்கம் வரவில்லை என்பது வேறு விஷயம். இனி ஆபரேஷனைப் பற்றிய கவலை.

ஆபரேஷனுக்கு முன்னால் சபை மூப்பர்கள் வீட்டுக்கு வந்து ஜெபம் செய்துவிட்டுப் போவது அங்கே வழக்கம். ஆபரேஷனுக்கு இரண்டு நாள் இருக்கும்போது ஒரு சாயங்காலம் அப்பாத்துரையே வந்தார். டார்லினுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. புதுசாய் உறை போட்ட சோபாவைக் காட்டி, "உக்காருங்க அண்ணாச்சி" என்றாள்.

"வேண்டாம்மா. அந்தப் பிளாஸ்டிக் நாற்காலி போதும்."

"சோபால உக்காருங்க அண்ணாச்சி, நல்லாருக்கும்."

"இல்ல, இது போதும்" என்று அவரே இழுத்துப் போட்டுக்கொண்டார். காப்பி வேண்டாம் என்றார், தண்ணீரும் வேண்டாம் என்றார். ஜெபத்துக்கு முன்னால் ஒருதரம் பாத்ரூம் போய்விட்டு வந்தார். ஜெபம் முடிந்து ஆமென் சொன்னதும் திரும்பவும் போனார். திரும்பி வந்தபோது வேட்டியை இழுத்து இழுத்து முன்னால் சரிசெய்துகொண்டார்.

ஹெப்ரானுக்கு ஆலையிலிருந்து போன் வர, வாசலுக்குப் போனார். டார்லின் பார்த்துக்கொண்டே இருந்தாள். கேட்க வேண்டியதைக் கேட்காமல் இருக்க அவளுக்கு எப்போதுமே வராது.

"அண்ணாச்சி, கசியுதா?"

வாட்டசாட்டமான அந்த மனிதர் குறுகிப்போனார்.

"ஒரு வருஷமாச்சும்மா. இருமினா போகுது, எந்திச்சா போகுது. உள்ள துணி வச்சுக்கிட்டுத்தான் நடமாடுதேன். ராத்திரி உங்க மதினி தனியாத்தான் படுக்கா. வாடை அடிக்குன்னு நானே சொல்லிட்டேன். பேத்தி மடியில வந்து உக்காந்தா இறக்கி விட்டுருதேன்."

"அன்னைக்குச் சாட்சில இத நீங்க சொல்லலியே?"

"சபையில எப்படிம்மா சொல்ல முடியும்? பொம்பளையாளுக எல்லாம் இருக்காங்க. நான் பொய் சொல்லல டார்லின். வியாதி போனது நெசம். கர்த்தர் காப்பாத்துனதும் நெசம். மிச்சத்தச் சொல்லல, அவ்வளவுதான்." பிறகு நிமிர்ந்து, தன் குற்றத்தைத் தானே லேசாக்கிக்கொள்கிற மாதிரி சொன்னார். "எனக்கு வேற வழி இல்லம்மா. நல்லா முத்திப் போய்த்தான் கண்டுபிடிச்சாங்க. வெட்டலைன்னா இன்னைக்கு நான் இல்ல. ஹெப்ரானுக்கும் முத்திட்டுதோ?"

டார்லின் எழுந்து, சுருங்காத சோபா உறையை இழுத்து விட்டாள்.

முத்தவில்லை. முத்தினவருடைய விடையைக் கொண்டுவந்து முத்தாதவருக்குப் போட்டிருக்கிறாள். முதலாம் ஆண்டு மாணவி செய்தால் வகுப்பிலேயே நிற்க வைத்திருப்பாள். சுகமாகாதவர்கள் எழுந்து சாட்சி சொல்வதில்லை என்று இத்தனை காலம் பேசினாளே, சுகமானவர்களும் முழுதாகச் சொல்வதில்லை என்பது அவளுக்குத் தெரியாதா என்ன? எல்லாம் எழுத்தில் இருந்தது. அடுத்த பத்தியில் இருந்தது. அவள்தான் படிக்கவில்லை.

அப்பாத்துரை போன பிறகு ஹெப்ரான் உள்ளே வந்து டிவி ரிமோட்டைத் தேடினார். டார்லின் அவர் முன்னால் வந்து உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்ததே அவருக்குப் பயமாக இருந்தது.

"உங்களுக்கு இந்த ஆபரேஷன் வேணுமா?"

"இப்பம் என்ன திடீர்னு?"

"சொல்லுங்க. வேணுமா?"

அவர் ரிமோட்டைக் கீழே வைத்தார். "எனக்கு வேண்டாம்ட்டி. முதல்லயே வேண்டாம்."

"பெறவு எதுக்குச் சரின்னீங்க?"

"நீ ஒழுங்கா உறங்கி எவ்வளவு நாளாச்சு? சாப்பிட மாட்டேங்க, உக்கார மாட்டேங்க. சேலையத் திருப்பிக் கட்டிக்கிட்டுக் கோயிலுக்கு வாரே. எனக்கு என்னமும் ஆகுறதுக்கு முந்தி நீ போய்ச் சேந்துருவியோன்னு இருந்துச்சு. வெட்டுனா உனக்கு நிம்மதி வரும்னா வெட்டிட்டுப் போட்டும்னு நெனச்சேன்."

இந்த ஆளுக்குப் பயம் இல்லை என்று நினைத்தாளே. இருந்தது. எல்லாம் அவளைப் பற்றி இருந்தது. அவள் பயத்துக்கு மருந்தாக அவர் தன் உடம்பைக் கொடுக்கத் தயாராக உட்கார்ந்திருக்கிறார். ஆயுசு முழுக்க ஈரத்துணியோடு நடக்கவும், அவளை விட்டுத் தள்ளிப் படுக்கவும்.

அவர் தோளில் முகத்தை வைத்து, அடக்க முடியாமல் அழுதாள். அவர் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தார். பிறகு அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள்.

"நாளன்னைக்கு ஆபரேஷன் வேண்டாம்" என்றாள்.

"காரணம் என்னம்மா போட?" என்று கேட்டது ஒரு பெண்குரல்.

"நோயாளிக்கு அது தேவையில்ல. நோயாளி சம்சாரத்துக்குத்தான் தேவைப்பட்டிச்சு."

அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் விளங்கவில்லை. 'சொந்தக் காரணம்' என்று போட்டுக்கொள்வதாகச் சொன்னாள். டார்லினும் சரி என்றாள். அடுத்த போன் பத்மப்ரியாவுக்கு. "ஹெப்ரானுக்குத்தான் பத்மா" என்று மட்டும் சொன்னாள். "தெரியும்" என்றாள் பத்மப்ரியா.

இதோடு டார்லின் திருந்தி, சாந்த சொரூபியாகிவிட்டாள் என்று நினைக்க வேண்டாம். இப்போதும் பால் பொங்கி வழிகிறது. ரத்தம் கொடுக்கிற நாள் நெருங்க நெருங்க அவளுக்குச் சோறு இறங்காது. முடிவு வாங்கப் போகிற காலையில் ஹைகிரவுண்டு ரோட்டில் லேப் வாசலுக்கும் டீக்கடைக்கும் நடுவே நடந்துகொண்டே இருப்பாள். டீக்கடைக்காரர் அவளுக்கு டீ போடுவதைக்கூட நிறுத்திவிட்டார், வாங்கி வைத்துவிட்டு மறந்துபோகிறாளாம்.

போன முறை அளவு ஒரு துளி கூடியிருந்தது.

வெங்கட்ரமணன் காகிதத்தைப் பார்த்துவிட்டு, "இந்த அளவு ஏற்ற இறக்கம் எல்லாருக்கும் வர்றதுதான்" என்றார். சொல்லிவிட்டு ஹெப்ரானைப் பார்க்கவில்லை. டார்லினைத்தான் பார்த்தார். அவள் கேட்டால் தேதி கொடுக்க வேண்டிவரும் என்று அவருக்குத் தெரியும். ஹெப்ரானும் அவளைப் பார்த்தார். இப்போது கேட்டாலும் அவர் சரிட்டி என்றுதான் சொல்வார். அதுதான் அவளைக் கொன்றது.

மேஜைக்குக் கீழே அவள் நகம் உள்ளங்கையில் பதிந்தது. எழுந்து வெளியே ஓடிவிட வேண்டும் போல இருந்தது.

"அடுத்த தடவையும் பாப்போம் டாக்டர்" என்றாள். "பைய பாப்போம்."